கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன்: போகணுமா, விட்டுடலாமா?

மடிப்பாக்கம்77: செவ்வாய்க்கிழமை அமீனா (கோர்ட் ஊழியர்) வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சிட்டி சிவில் கோர்ட் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு. வேலை போனபோது ஒன்றரை லட்சம் பாக்கி நின்றது. இப்போது 3,86,000 கேட்கிறார்கள். கடைசியாகக் கட்டியது 2021 ஆகஸ்ட், வழக்குப் போட்டது 2024 நவம்பர். வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு, அது தாண்டிவிட்டது, வழக்கே நிற்காது, பேசாமல் இரு என்கிறார் மச்சான். இருந்துவிடலாமா?

ரமா_திருச்சி: முதலில் அதிலுள்ள சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி எண்) இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போலி சம்மன் நிறையச் சுற்றுகிறது.

மடிப்பாக்கம்77: பார்த்தேன். அசல்தான்.

கோர்ட்டுவாசல்: அப்படியானால் சும்மா இருக்காதீர்கள். காலாவதியை, அதாவது கெடு முடிந்ததை, நீங்கள் சொல்லாவிட்டாலும் கோர்ட் பார்க்க வேண்டும் என்பது சட்டம், சரி. ஆனால் ஆளே வராத வழக்கில் வங்கி நீட்டும் கணக்கை யார் கிளறுவார்கள்? எக்ஸ் பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பின் டிகிரிக்கு (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் ஆணை) 12 வருஷம் உயிர். சம்பளத்தில் முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும்தான் உங்களுக்கு. மிச்சத்தை ஜப்தி செய்யலாம்.

வசூல்பழசு: பல வருஷம் வசூல் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். வக்கீலுக்கு அழும் காசை வங்கிக்கே கட்டுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசினால் வட்டியில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, தலைவலி தீர்ந்தது. கார்டைத் தேய்த்தது நீங்கள்தானே?

கோர்ட்டுவாசல்: தேய்த்தது ஒன்றரை, கேட்பது கிட்டத்தட்ட நாலு. நடுவில் இருப்பதற்கு மாதவாரி ஸ்டேட்மென்ட் கேட்பது குற்றமா? "இப்போதைக்கு ஐயாயிரம் போடுங்க சார்" என்று உங்கள் ஆட்கள் ஏன் கெஞ்சுகிறார்கள் என்று சொல்லுங்களேன். கெடு முடிவதற்குள் கட்டி, அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்குத்தானே?

வசூல்பழசு: அதற்கும்தான், மறைக்கவில்லை. ஆனால் வட்டி அநியாயம் என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

ரமா_திருச்சி: மச்சான் கணக்கே தப்பு. கொரோனாவுக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரை உள்ள நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. இவருடைய மூன்று வருஷம் 2022 மார்ச் 1-ல்தான் ஓடத் தொடங்குகிறது. 2024 நவம்பர் கெடுவுக்கு உள்ளேதான்.

கோர்ட்டுவாசல்: அட, ஆமாம். காலாவதி வாதம் போச்சு. கணக்கு வாதம் இன்னும் இருக்கிறது. சம்மன் தலைப்பில் "கட்டளை 37" (பண வழக்கைச் சுருக்கமாக முடிக்கும் நடைமுறை) என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண வழக்கு என்றால் எதிருரைக்கு, அதாவது எழுத்தில் பதில் கொடுக்க, 30 நாள். 37 என்றால் பத்தே நாளில் ஆஜராக வேண்டும். அப்புறம் வழக்காடவே தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதற்கு இன்னொரு பத்து நாள்.

மடிப்பாக்கம்77: கட்டளை 37தான். நீல முத்திரைக்கு அடியில் பாதி மறைந்திருந்தது, கவனிக்கவில்லை. இன்று ஆறாவது நாள். காலையில் பாரிமுனைக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

வசூல்பழசு: போங்கள். ஆஜரான பிறகு செட்டில்மென்ட் பேசினாலும் வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வேலையில் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.