வெள்ளை வேட்டியைக் கலர் பென்சிலில் எப்படிக் கொண்டுவருவது?

அல்சூர்வாசி:
அப்பாவுக்கு ஜனவரியில் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதற்கு முன் இரண்டு வருடம் வீட்டில் ஒரே சண்டை, பச்சைக் கரை வேட்டி பழுப்படித்துக் கிடக்கிறது, நீலம் போட்டு அலசக்கூடத் தெரியாதா என்று. நானும் சொட்டு நீலத்தைக் கூட்டி, சோப்பை மாற்றி, கடைசியில் போர் தண்ணீர் மேல் பழியைப் போட்டேன். கட்டுப் பிரித்த மறுநாள் கொடியில் கிடந்த அதே வேட்டியைப் பிடித்துப் பார்த்து, "புதுசா? எப்ப எடுத்தே?" என்றார்.

பிப்ரவரியில் இங்கே பெங்களூர் கப்பன் பார்க் கூட்டிப்போனேன். டபிபூயா மரமெல்லாம் ரோஸ் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் மரத்தைவிட வேட்டியைத்தான் அதிகம் பார்த்தார், மடிப்பில் விழுந்த ஒரு பூவை எடுத்து அதன் மேலேயே வைத்து வைத்துப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

அதைத்தான் 48 கலர் பெட்டியோடு மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தேன். மரம் ஜோராக வந்துவிட்டது. வேட்டி மட்டும் சிமெண்ட் சாக்கு மாதிரி இருக்கிறது. நிழலுக்குச் சாம்பல் போட்டு, மேலே வெள்ளைப் பென்சிலை அழுத்தித் தேய்த்தேன், மெழுகு மாதிரி வழுக்குகிறது, இனி எதுவும் ஏறவில்லை. காப்பாற்ற முடியுமா?

பென்சில்சீவி:
வெள்ளைப் பென்சில் பெயிண்ட் இல்லைங்க, கீழே இருப்பதை மூடாது. கலர் பென்சிலில் வெள்ளை என்றால் தாள்தான், அதைத் தொடாமல் விடணும். நீங்கள் அழுத்தியதில் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைத்துவிட்டது. ரப்பரால் தேய்க்காதீர்கள், களிமண் மாதிரி பிசைகிற ரப்பர் கிடைக்கும், அதை ஒற்றி ஒற்றி எடுத்தால் கொஞ்சம் வரும். முழுசாக வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வரைந்தால் கனமான தாள், 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் வாங்குங்கள். நிழலுக்குச் சாம்பலே வேண்டாம், இளநீலமும் இளஊதாவும் பூப்போல, கீழ் மடிப்பில் தரைப் பூவின் ரோஸ் ஒரு கோடு. வெள்ளை இழை தெரியணும் என்றால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலில் கோடு அழுத்திவிட்டு மேலே கலர் போடுங்கள், பள்ளத்தில் பென்சில் இறங்காது. அப்புறம், அடர்த்தியாகப் போட்ட இடத்தில் சில நாள் கழித்து வெண்புகை மாதிரி படரும், பயப்படாதீர்கள், மெழுகுதான். மெல்லிய துணியால் துடைத்தால் போகும்.

மல்லேஸ்வரம் மாமி:
ஏம்மா, எனக்கும் இந்த ஆபரேஷன் ஆச்சு. வயசானால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடும், அதை எடுத்ததும் கொஞ்ச நாளைக்கு எல்லாமே நீலமடிக்கும். எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளரே நீலமாகத் தெரிந்தது! பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923-இல் வலது கண்ணில் இதையே செய்தார்கள், அதற்கு முந்தைய சில படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக் கிடக்கும். அதனால் பென்சில்சீவி சொன்ன இளநீலத்தைத் தாராளமாகப் போடு. உங்கப்பா பார்த்த வேட்டி அப்படித்தான் இருந்திருக்கும்.

ஞாயிறுநடை:
மரங்களை வெட்டிவிடுங்கள், படத்திலிருந்துதான். அந்த ரோஸ் மரத்தை ஊரே போட்டோ எடுத்துப் போடுகிறது. நீங்கள் எழுதியதில் எனக்கு நின்றது அவர் பூவை வேட்டி மேல் வைத்துப் பார்த்ததுதான். விரல், பூ, மடிப்பு, போதும்.

பென்சில்சீவி:
மூன்று வார உழைப்பு ஐயா, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் சரிதான்.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. போஸ்ட்கார்டு அளவில் புதிதாக வரைந்தேன், வேட்டியில் முக்கால்வாசி வெறும் தாள். நான்கே ராத்திரிதான் ஆனது. பழையதைக் கிழிக்க மனசு வரவில்லை, பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "விரல் நல்லா வந்திருக்கு. கரையை ஏன் பச்சையாப் போட்டே? அது நீலமாச்சே" என்றார். பல வருடமாகப் பச்சைக் கரை வேட்டி என்று சொல்லிக்கொண்டிருந்ததே அவர்தான், கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே ஊறிவிட்டது. கொடிக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தேன். நீலம்தான்.