1951 எம்ஜி டிடி: அம்பாசிடர் எஞ்சினைப் பொருத்தலாமா, அசல் எஞ்சினையே மீட்கலாமா?

கேள்வி: பாமணியாற்றங்கரை, மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா, தாயகம் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து சென்னையில் வாங்கிய 1951ஆம் ஆண்டு எம்ஜி டிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பல ஆண்டுகளாக எங்கள் நெல் கொட்டகையின் ஓரத்தில் நிற்கிறது. எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. துணி சுற்றிய பழைய ஒயர்களை எலிகள் கடித்துத் தீர்த்துவிட்டன. இடப்பக்கக் கதவு தொங்கும் மரத்தூணைக் கறையான் அரித்திருக்கிறது. சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மட்டும் நன்றாக இருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அம்பாசிடர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்துவிட்டால் உதிரிபாகக் கவலையே இருக்காது என்று திருச்சி மெக்கானிக் ஒருவர் சொல்ல, சித்தப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. எனக்கோ இந்த வண்டியைக் கண்காட்சிப் பொருளாக்கவும் மனமில்லை, தினமும் ஓட்டும் எண்ணமும் இல்லை. எப்போதாவது தஞ்சாவூர் வரையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேதாரண்யம் பக்கமும் போய்வர முடிந்தால் போதும். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

மறுமொழி 1: குடந்தை கார்பரேட்டர்

இறுகிய எஞ்சின் செத்த எஞ்சின் அல்ல. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள்கள் ஊறவிட்ட பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக் கிளப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள். பிஸ்டன் வளையங்கள் உடைந்து, இருக்கும் வேலை இரண்டு மடங்காகிவிடும்.

அடுத்து, எஞ்சினில் எண்கோண வடிவப் பித்தளைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எஞ்சின் வகையைக் குறிக்கும் எக்ஸ்பிஏஜி டிடி என்று தொடங்கும் எண் இருந்து, அது பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு பொருந்தினால், உங்கள் கையில் இருப்பது இங்கிலாந்தின் ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையிலிருந்து வந்த அதே 1250 சிசி எஞ்சின். ஏறத்தாழ 29,600 டிடி கார்கள் செய்யப்பட்டன என்பதால் இது உலகில் அரிய வண்டி இல்லை. ஆனால் எண் மாறாத எஞ்சினோடு நம் பக்கத்தில் இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

மெக்கானிக்கின் யோசனை அடிப்படையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும், 1955இல் வந்த எம்ஜிஏ காரின் எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம்தான். ஆனால் உங்களுடையது எம்ஜிஏ அல்லவே! டிடியின் சேஸிஸில் அதை உட்கார வைக்க எஞ்சின் தாங்கிகளையும், கியர்பாக்ஸின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தையும் வெட்டி ஒட்ட வேண்டிவரும். பிறகு மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்காது. டிஸ்க் பிரேக்கும் தேவையில்லை. இந்த எடைக்கும் வேகத்துக்கும், சிலிண்டர்களைப் புதுப்பித்துச் சரியாகச் சீரமைத்த டிரம் பிரேக்கே போதும்.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்பிஏஜி எஞ்சினின் போல்ட்டுகளுக்குத் தலை விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு, மரையோ மெட்ரிக். அதிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் வழக்கமான 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25. இரண்டு சுற்று கையால் ஏறும், மூன்றாவதில் பிடிக்கும், அங்கே ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். இந்த வேறுபாட்டை அறியாத கையால் பாழான பிளாக்குகள் பல.

மறுமொழி 2: நாகை உப்புக்காற்று

ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்பதை உங்கள் அப்பா பெட்ரோல் பாதைக்குப் பொருத்தக் கூடாது என்று பணிவுடன் சொல்கிறேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாய்களை ஊதவைத்து விரிசல் விழச் செய்யும். இந்த வண்டியின் எஸ்யூ கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சுற்றியுள்ள தக்கை வளையங்களையும், பெட்ரோல் பம்பின் சவ்வையும் கெடுக்கும். சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் மேலே கார்பரேட்டர் அமர்ந்திருக்கும் வண்டியில் கசிவு என்பது தீ. எத்தனால் தாங்கும் குழாய்களும் வளையங்களும் வெளிநாட்டில் கிடைக்கின்றன. மாட்டிய பிறகு பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நம் டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டி நிற்கும்போது டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

ஒயரிங் முழுவதையும் புதிதாகச் செய்யுங்கள். வெளியே துணி சுற்றி, உள்ளே இன்றைய காப்புள்ள ஒயர்க் கட்டுகள் செய்து தருகிறார்கள். அசலில் இருப்பவை இரண்டே ஃபியூஸ்கள்; மறைவாக இன்னும் சில சேர்ப்பதில் தவறில்லை. 1951 டிடியில் திரும்பும்போது மின்னும் விளக்குகளும் கிடையாது. சேஸிஸைத் துளைக்காமல் அவற்றைப் பொருத்துங்கள். மணல் லாரிக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டி வலப்பக்கம் திரும்புவது அசலாக இருக்கலாம், அறிவாக இருக்காது.

மறுமொழி 3: திருவாரூர் பதிவேடு

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளரின் விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கே அந்தப் பதிவு கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்றால் பேரணி, கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். நீங்கள் சொல்லும் வேதாரண்யப் பயணம் அதற்குள் அடங்காது. எனவே பழைய பதிவைப் புதுப்பித்து ஓட்டுவதா, விண்டேஜுக்கு மாறுவதா என்பதை எஞ்சினைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 4: சோழவரம் ரசிகன்

அசல் அசல் என்கிறோமே, எந்த நாளின் அசல்? எம்ஜி கம்பெனியே இந்த எஞ்சினின் வேகத்தைக் கூட்டப் படிப்படியான வழிகளைக் கையேடாக அச்சிட்டுக் கொடுத்தது. பெரிய கார்பரேட்டர்களும் கூடுதல் ஷாக் அப்சார்பர்களும் கொண்ட மார்க் 2 வண்டியைத் தானே விற்றது. சென்னைக்கு அருகே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய கார்களில் அசலாக எத்தனை இருந்திருக்கும்? இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த பாகத்தை மாட்டி ஓட்டியதும் நம் நாட்டு வண்டிகளின் வரலாறுதான். பெரிய கோயிலைத் தொல்லியல் துறை வண்ணம் பூசாமல் காக்கிறது. பக்கத்து ஊர்க் கோபுரங்கள் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புது வண்ணம் பெறுகின்றன. இரண்டிலும் வழிபாடு நடக்கிறது. காலத்துக்குப் பொருந்திய மாற்றத்தைக் குற்றம்போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் இந்த வண்டியில் அம்பாசிடர் எஞ்சின் வேண்டாம் என்பதில் குடந்தை நண்பரோடு நிற்கிறேன். ஏனென்றால் தேவை வந்து செய்த மாற்றம் வேறு, சோம்பலால் செய்யும் மாற்றம் வேறு.

கேள்வி கேட்டவர்: பாமணியாற்றங்கரை, மன்னார்குடி

அனைவருக்கும் நன்றி. எண்கோணத் தகடு இருக்கிறது, எண்ணும் பொருந்துகிறது. சித்தப்பாவிடம் அதைக் காட்டியதும் அம்பாசிடர் பேச்சு அடங்கிவிட்டது. பெட்ரோல் குழாய்களை மாற்ற அப்பாவும் இசைந்துவிட்டார். மீதி உள்ளது மரத்தூண். அசலில் ஆஷ் மரம் என்கிறார்கள். எங்கள் ஆசாரி தேக்கு போடலாம் என்கிறார். சரியாக வருமா?

மறுமொழி 5: குடந்தை கார்பரேட்டர்

தேக்கைக் கறையான் எளிதில் தொடாது, உண்மை. ஆனால் அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. ஆஷ் மரத்தைப் போல வளைந்து கொடுப்பதும் இல்லை, கதவின் அதிர்வு முழுவதையும் அந்தத் தூண்தான் தாங்குகிறது. நம் ஊரில் வண்டிச் சக்கரத்துக்குப் பயன்பட்ட, நன்றாகக் காய்ந்த பூவரசு கிடைத்தால் ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள்; இல்லையென்றால் வெட்டித் தயாரான ஆஷ் தூணையே இங்கிலாந்திலிருந்து வரவழையுங்கள். எதுவானாலும் பழைய தூணை உடைக்காமல் கழற்றி, திருகாணித் துளைகளின் இடங்களை அட்டையில் வரைந்துகொண்ட பிறகே புதியதில் துளையிடச் சொல்லுங்கள். கதவு சற்றுத் தாழ்ந்து தொங்கும் இந்த நிலையில் அளவெடுத்தால் புதுத் தூணும் அதே கோணலோடுதான் வரும். வலப்பக்கத் தூணைப் பார்த்து அளவெடுங்கள்.