ஹாலிவுட்டுக்குக் கதைப் பஞ்சமா? பார்த்த படத்தையே எத்தனை தடவை பார்ப்பது?

லயத்துவீடு (சுங்கை சிப்புட், மலேசியா):

நாங்கள் படம் பார்க்கப் போவது ஈப்போவுக்குத்தான். ஐந்து பேர் காடியில் ஏறினால் பெட்ரோல், டிக்கெட், பாப்கார்ன், திரும்பும் வழியில் சாப்பாடு என்று இருநூறு வெள்ளி கையை விட்டுப் போய்விடும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி எந்தப் படம் என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இந்த 2025இல் அந்தப் பஞ்சாயத்து எனக்கு வெறுத்துப் போய்விட்டது, ஏனென்றால் பட்டியலில் இருப்பதில் பாதி நான் ஏற்கெனவே பார்த்தது.

மார்ச்சில் 'ஸ்னோ ஒயிட்', 1937 கார்ட்டூனை ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்தது. மே மாதம் 'லீலோ அண்ட் ஸ்டிச்', அது 2002 படம். ஜூனில் 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்', 2010இல் வந்ததுதான். ஜூலையில் சூப்பர்மேன் மறுபடியும் புது ஆளோடு. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 2005இல் ஒரு தடவை, 2015இல் ஒரு தடவை, இப்போது 2025இல் இன்னொரு தடவை. கோயில் கும்பாபிஷேகம்கூடப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான், இவர்களுக்குப் பத்து வருஷம் போதும்போல. இன்னும் கொடுமை, 'மோவானா' 2016இல் வந்த படம், அதையும் ஆட்களை வைத்து எடுத்து 2026இல் விடப்போகிறார்களாம்.

சரி, ஓடாவிட்டால் நிறுத்துவார்கள் என்று பார்த்தால் 'லீலோ' நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு காசு, அவ்வளவு ஆள், எழுதத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் ஒரு புதுக் கதை கிடைக்கவில்லையா? இல்லை, நாம்தான் பழசையே கேட்கிறோமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், திட்டுவதானாலும் பரவாயில்லை.

பழைய கிராணி:

தம்பி, இது நேற்று வந்த வியாதி இல்லை. ராஜா மாதிரியே இருக்கும் ஒருவன் ராஜா இடத்தில் உட்காரும் கதை, 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' என்று பெயர், 1937இல் பேசும்படமாக எடுத்தார்கள், அதற்கு முன்பே ஊமைப்படமாகவும் வந்திருந்தது. 1952இல் திரும்ப எடுத்தபோது பழைய திரைக்கதை, பழைய பின்னணி இசை, ஏறக்குறைய அதே காட்சிகள், கலர் மட்டும் புதுசு. அந்தக் கதையின் சாயலில்தான் வாத்தியார் 1958இல் 'நாடோடி மன்னன்' எடுத்தார். ஆனால் அவர் கைக்கு வந்ததும் அது வேறு படமாகிவிட்டது, மன்னனாக நடிக்க வந்தவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். எங்கள் தோட்டத்துத் திடலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காத நாங்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தோம், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி வரும், வாத்தியார் இடது கையில் வாள் சுழற்றுவார். கைதட்டலுக்கு ஒன்றும் குறைவில்லை.

அந்தக் காலத்தில் திரும்ப எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. செசில் டிமில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தை 1923இல் பேச்சில்லாமல் எடுத்தார், 1956இல் பேச்சும் கலரும் அகலத் திரையும் கைக்கு வந்த பிறகு தானே மறுபடி எடுத்தார். ஹிட்ச்காக்கூடத் தன் 1934 படம் ஒன்றை 1956இல் தானே திரும்ப எடுத்தார். இப்போது புதுசாக என்ன வந்திருக்கிறது? 2019 'லயன் கிங்' பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். சிங்கத்தின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது, கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால்தான் தெரியும். அப்பன் செத்துக் கிடக்கும்போது குட்டியின் முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. நிஜச் சிங்கம் அழாது, அதனால் இதுவும் அழவில்லை. 1994 கார்ட்டூனில் அந்த இடத்தில் நான் கண்ணைத் துடைத்தேன். ஆனால் இந்தப் படம் 160 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துவிட்டது, அப்புறம் நம் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்.

நைட்ஷிப்ட்:

கிராணி அண்ணே சொன்னது சரிதான், ஆனால் இரண்டு விஷயத்தை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எடுப்பது பார்க்காதவனுக்காக. அதே மொழியில், அதே கம்பெனி, அதே படத்தைத் திரும்ப எடுப்பது பார்த்தவனுக்காக. முதல் வகைக்கு ஒரு நியாயம் உண்டு. இரண்டாவது வகையில் அவன் விற்பது படத்தை இல்லை, உங்கள் சின்ன வயசை.

ஆனால் மலேசியாவில் வளர்ந்தவனுக்கு அந்த முதல் வகைகூட எதற்கு என்பதுதான் என் கேள்வி. நாம் டிவி பார்த்து வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். கான்டனீஸ் நாடகம், கீழே மலாய் எழுத்து. இந்திப் படம், மலாய் எழுத்து. இங்கிலீஷ் படம், மலாய் எழுத்து. என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஹாங்காங் சண்டைப் படம் பார்த்தே மலாய் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகினார், யார் யாரைக் கொன்றான் என்று எனக்கு விளக்கமும் சொல்வார். கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2020இல் கோல்டன் குளோப் மேடையில் நின்று, ஓர் அங்குல உயரத்துக்கு ஓடும் அந்த எழுத்தைத் தாண்டி வாருங்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் லயத்தில் அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிறது.

2006இல் 'தி டிபார்ட்டட்' வந்து சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் வாங்கியது, மார்ட்டின் ஸ்கார்செஸிக்கு இயக்குநராகக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுதான். ஊரே புகழ்ந்தது. நான் பாதியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன நண்பனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். அதன் மூலமான ஹாங்காங் படம் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' 2002இல் வந்ததுமே நாங்கள் இரண்டு பேரும் பார்த்துவிட்டிருந்தோம். ஆண்டி லாவும் டோனி லியுங்கும் மொட்டை மாடியில் எதிரெதிரே நிற்கும் இடத்தில் அதிகமாகப் பேச்சே இருக்காது, பின்னால் கட்டடமும் வானமும்தான். ஹாங்காங்காரன் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்ததை இவர்கள் இரண்டரை மணி நேரம் இழுத்து, அதில் பாதி நேரம் கெட்ட வார்த்தை. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காக்காரன் எழுத்து படிக்கச் சோம்பல்பட்டதற்கு நாம் எதற்கு இரண்டாவது தடவை டிக்கெட் வாங்க வேண்டும்?

மூனாம்நம்பர்பஸ்:

ரொம்பப் பேசுகிறோமே, நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா? 1978இல் அமிதாப்புக்கு 'டான்', 1980இல் ரஜினிக்கு 'பில்லா', 2007இல் அஜித்துக்கு மறுபடி 'பில்லா'. அது நம் ஊரில் வந்து எடுத்த படம் என்பதற்காகவே நாம் இரண்டு தடவை பார்த்தோம், கதையை யார் பார்த்தார்கள், அது எந்த ரோடு, எந்தக் கட்டடம் என்றுதானே தியேட்டரில் கத்தினோம். 'கில்லி' தெலுங்கு 'ஒக்கடு'தான், 2004 படம், போன வருஷம் திரும்ப விட்டபோது புதுப் படத்தைவிட அதிகக் கூட்டம். ஹாலிவுட்டைத் திட்ட நமக்கு முகம் இல்லை லா.

செம்பனைக்காட்டு அக்கா:

தம்பிகள் எல்லாரும் உங்கள் சின்ன வயசைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகளுக்கு எட்டு வயசு. அவளுக்கு 2002 படம் தெரியாது. அவளைப் பொறுத்தவரை இந்த 'லீலோ' புதுப் படம்தான், உங்களுக்குத்தான் பழசு.

நான் எழுத வந்தது வேறு. பழைய கார்ட்டூனில் அப்பா அம்மா இல்லாத இரண்டு பிள்ளைகள், அக்கா நானி வேலை தேடி அலைந்து தங்கையை விட்டுப் பிரியாமல் காப்பாற்றுவாள், குடும்பத்தில் யாரையும் விட்டுவிடக்கூடாது என்பதுதான் அதன் உயிர். புதுப் படத்தின் கடைசியில் நானி கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போகிறாள், தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு. இதற்காக இணையத்தில் என்ன சண்டை! படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள், அக்கா தங்கையைக் கைவிட்டுவிட்டாள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

நான் தியேட்டரில் அந்த இடத்தில்தான் அழுதேன். எங்கள் வீட்டில் பெரிய அக்காவுக்கு நல்ல மதிப்பெண் வந்தது, ஆறாம் படிவம் போக வேண்டியவர். அப்பாவுக்குக் காலில் அடிபட்ட பிறகு பிறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து மாதம் மாதம் பணம் அனுப்பினார், அதில்தான் நாங்கள் மூன்று பேர் படித்தோம். அவர் அனுப்பிய மணியார்டர் ரசீதின் பின்பக்கம் "புத்தகம் வாங்கு, சொக்லேட் வாங்காதே" என்று எழுதியிருப்பார். அவரை எல்லாரும் தியாகி என்று புகழ்ந்தார்களே தவிர, நீ போய்ப் படி, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இந்தப் படத்தில் அதைச் சொல்கிறார்கள். பழைய படம் நல்ல படம்தான், ஆனால் அதில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒருத்தர் கேட்டிருக்கிறார், அதற்காகவே அந்த டிக்கெட் காசு எனக்குச் செரித்துவிட்டது.

ஆனால் 'டிராகன்' படத்தில் லயத்துவீடு தம்பி பக்கம்தான் நான். 2010 படத்தை எடுத்தவர்களில் ஒருவரான டீன் டெப்லோவே இப்போது திரும்ப எடுத்திருக்கிறார், பல இடத்தில் அதே காட்சி, அதே வசனம். இதில் ஒரு வேடிக்கை, பழைய 'லீலோ', பழைய 'டிராகன்' இரண்டையும் எடுத்தது ஒரே ஜோடி, கிறிஸ் சாண்டர்ஸும் டெப்லோவும். இந்த வருஷம் ஹாலிவுட் இரண்டு மாசம் சாப்பிட்டது அந்த இரண்டு பேர் சமைத்து வைத்ததைத்தான்.

லயத்துவீடு:

அக்கா, அந்த முடிவை நான் அப்படிப் பார்க்கவில்லை. நான் கத்திய கோஷ்டியில் இருந்தவன். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி நல்லவளாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சினிமாவில்தான் நடக்கும், எங்கள் லயத்தை உடைத்து ஃபிளாட்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

வரவுசெலவு:

கதைப் பஞ்சம் எல்லாம் இல்லை, கணக்குதான். படம் எடுக்க ஆகும் செலவு போக, அதை ஊருக்குச் சொல்லவும் பெரிய தொகை செலவாகும். பெயர் ஏற்கெனவே தெரிந்த படமென்றால் பாதி விளம்பரம் மிச்சம், பொம்மையும் பள்ளிப்பையும் படத்துக்கு முன்னாலேயே பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு வந்துவிடும், ஸ்டிச் பொம்மை தொங்காத கடை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் பெயர் இருந்தால் போதும் என்றும் இல்லை, 'ஸ்னோ ஒயிட்' போட்ட காசை தியேட்டரில் எடுக்கவில்லை.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கேட்டீர்களே, அதில் உரிமைக் கதை ஒன்று இருக்கிறது. கதாபாத்திரத்தின் உரிமையை வாங்கியவர் குறித்த காலத்துக்குள் படம் ஆரம்பிக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். அதற்காகவே 1992 கடைசியில் சல்லிக் காசு பட்ஜெட்டில் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார்கள், பாவம். படம் தியேட்டருக்கு வரவே இல்லை.

அதே ஹாலிவுட்டில்தான் இந்த ஏப்ரலில் 'சின்னர்ஸ்' வந்தது. 1932 மிசிசிப்பி, ப்ளூஸ் பாட்டு, ரத்தக்காட்டேரி, எந்தப் பழைய படத்தின் வாலும் இல்லாத கதை, பிய்த்துக்கொண்டு ஓடியது. இயக்குநர் ரயன் கூக்லர் 25 வருஷம் கழித்துப் படத்தின் உரிமை தனக்கே திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியும், பின்னால் ஒருத்தன் ரீமேக் என்று வந்து நிற்பான்.

இன்னொன்று, அதே மொழியில் எடுப்பதெல்லாம் வீண் என்று நைட்ஷிப்ட் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தி மால்டீஸ் ஃபால்கன்' என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்களே, அந்த 1941 படம் மூன்றாவது தடவை எடுத்தது. 1931இலும் 1936இலும் எடுத்தது அதே வார்னர் கம்பெனிதான். 1936 படம் ஊற்றிக்கொண்டது. ஜான் ஹூஸ்டன் முதல் படமாக அதே நாவலை எடுத்து ஜெயித்தார். சரியாக வராததைத் திரும்ப எடுங்கள், யார் வேண்டாம் என்றது? இவர்கள் எடுப்பதெல்லாம் முதல் தடவையே சரியாக வந்ததை.

நைட்ஷிப்ட்:

மால்டீஸ் ஃபால்கனுக்கு ஒத்துக்கொள்கிறேன். அக்கா சொன்னதையும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், முடிவை மாற்றினால்தான் திரும்ப எடுத்ததற்கு அர்த்தம் என்று தோன்றுகிறது. ஹாங்காங் படத்தில் போலீஸுக்குள் ஒளிந்திருக்கும் திருடன் தப்பிவிடுவான், தான் யார் என்ற பாரத்தோடு உயிரோடு இருப்பதுதான் அவனுக்குத் தண்டனை. சீனாவில் அது ஆகாது என்று, அங்கே அவன் கைதாகிற மாதிரி வேறு முடிவு எடுத்துக் கொடுத்தார்கள். அமெரிக்கப் படத்தில் அவனை வீட்டு வாசலிலேயே சுட்டுவிடுகிறார்கள். ஒரே கதை, மூன்று ஊருக்கு மூன்று முடிவு.

நம் ஊரும் சும்மா இல்லை. 2016இல் 'கபாலி' இங்கே வந்தபோது கடைசியில் கபாலி போலீஸில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பார்த்த என் மாமா பையன் போனில் என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டான், நீ பார்த்தது கபாலியே இல்லை என்று.

செம்பனைக்காட்டு அக்கா:

அந்த எழுத்து வந்தபோது எங்கள் தியேட்டரில் ஒருத்தர், "எந்த ஸ்டேஷன்டா?" என்று கத்தினார்.