பி.எட். கல்லூரியில் தொழில்நுட்பம்: தனித் தாள் போதுமா?

கணிதப் பயிற்றுநர்:
2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) விதிகள் மாறி பி.எட். இரண்டு ஆண்டானபோது கணினித் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பயிற்சித் தாளே வந்தது. அதில் ஸ்லைடு தயாரித்து ரெக்கார்டு சமர்ப்பித்த மாணவி, என் கணிதம் கற்பித்தல் வகுப்புக்கு வந்ததும் சார்ட் பேப்பரைத்தான் எடுக்கிறாள். நான் கணினி வைத்து நடத்தினால்தானே அவளும் நடத்துவாள்? முதலில் உதவி வேண்டியது எங்களுக்கு. இரண்டு நாள் பயிலரங்கும் சான்றிதழும் அதற்குப் போதாது.

மூத்த விரிவுரையாளர்:
ஏற்க முடியவில்லை மேடம். மெயிலில் கோப்பை இணைக்கத் தெரியாத மாணவர்கள் இன்னும் வருகிறார்கள். தனித் தாள் இல்லாவிட்டால் அடிப்படையை யார் சொல்லித் தருவது? இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே புரொஜெக்டர் பூட்டிக் கிடந்தால் கரும்பலகைதான் கைகொடுக்கும். அதில் நேராக எழுதப் பழக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

கணிதப் பயிற்றுநர்:
தாளை எடுக்கச் சொல்லவில்லை சார். போன பருவத்தில் எங்கள் கல்லூரிக் கணினி ஆசிரியை மூன்று பீரியட் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தார். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து முனைகளை இழுத்தோம். கோணங்கள் மாறின, கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நின்றது. ஒரு மாணவி திரையில் தெரிந்த மூன்று எண்களையும் நோட்டில் கூட்டிப் பார்த்து, 179.99 வருகிறதே என்றாள். இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கியதால் வந்தது அது. அப்புறம் அந்த வகுப்பு முழுக்க ஒரே பேச்சு: அளந்து பார்ப்பது நிரூபணமா? இணைகோடு வரைந்து ஏன் நிரூபிக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. கணினித் தாளில் இந்தப் பேச்சு எப்படி வரும்? கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006-இல் எழுதியதும் இதைத்தான்: பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றையும் பிரித்து வைத்துப் பழக்க முடியாது.

பயிற்சி மாணவி, இரண்டாம் ஆண்டு:
நான் போன பள்ளியில் இணையம் இல்லை. ஃபெட் (PhET) என்ற அறிவியல் பாவனைத் தளத்தின் மின்சுற்று மாதிரியை முன்பே லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்ததால் நடத்த முடிந்தது. அப்படி இறக்கலாம் என்று எந்தத் தாளிலும் படிக்கவில்லை, எங்கள் இயற்பியல் மேடம் செய்ததைப் பார்த்துக் கற்றேன்.

மூத்த விரிவுரையாளர்:
சரி, அந்த 179.99 நல்ல வகுப்புதான். ஆனால் உங்களுக்குக் கணினி ஆசிரியை கிடைத்தார். எங்களிடம் ஒருவர்தான், அலுவலக வேலையும் அவர் தலையில். அவருக்கு வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கித் தர முதல்வர் சம்மதிக்கட்டும், என் தமிழ் கற்பித்தல் வகுப்பில் முதலில் நானே முயன்று பார்க்கிறேன். தனித் தாள் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.