இரண்டாம் ஆண்டு அறிவியல்: ஸ்பானிய–ஆங்கில வகுப்பின் வாரத் திட்டம் நமக்கு ஒத்துவருமா?

பிறை_டீச்சர்:
வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி, இரண்டாம் ஆண்டு, டிஎல்பி (இருமொழித் திட்டம்) வகுப்பு. அறிவியல் ஆங்கிலத்தில். திங்கள் ஒரு பாடவேளை, புதன் ஒன்று, வெள்ளி இரட்டை. தலா 30 நிமிடம். பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் தமிழ். அமெரிக்காவில் ஸ்பானிய–ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகளில் ஒரே கருப்பொருளை வாரம் முழுக்க இரண்டு மொழியிலும் கொண்டுபோகிறார்களே, அதை அப்படியே இங்கே இறக்கலாமா? அடுத்து வருவது தாவரங்கள். பச்சைப்பயறு முளைக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். எந்த நாளில் எந்த மொழி? பயறு வெள்ளிக்குள் ஏதாவது காட்டுமா?

செந்தூல்வாசி:
டீச்சர், அப்படியே இறக்கினால் உட்காராது. 1963இல் மயாமியின் கோரல் வே பள்ளியில் தொடங்கிய இருவழி முறையில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வகுப்பில் ஜோடியாக உட்கார வைத்தாலே ஒருவர் மொழி மற்றவர் காதில் விழும். நம்மிடம் ஆங்கிலத்துக்கு மாதிரியாக இருப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். “பக்கத்தில் பேசிப் பாருங்கள்” என்றால் தமிழில்தான் பேசுவார்கள். தப்பே இல்லை, அறிவியல் யோசனை அங்கேதான் நடக்கும். ஆனால் அதை ஆங்கிலப் பயிற்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நேரப் பங்கீடும் வேறு. அவர்களின் 90:10 முறையில் பாலர் வகுப்பு பெரும்பாலும் ஸ்பானியம். ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலம் கூடி நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாதிப் பாதிக்கு வரும். 50:50 என்றால் முதலிலிருந்தே சரிபாதி. டிஎல்பி பாடத்தை வைத்து மொழியைப் பிரிக்கிறது, நாளை வைத்து அல்ல. அதனால் “திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம்” நமக்கு வேலைக்கு ஆகாது.

எடுக்க வேண்டியது ஒன்றே: முன்னோட்டம், பாடம், மீள்பார்வை. தெரிந்த மொழியில் ஐந்து முதல் எட்டு நிமிடம். பாடம் முழுக்க ஆங்கிலம். கடைசியில் தெரிந்த மொழியில் சுருக்கமாகத் திரும்பிப் பார்ப்பது. முன்னோட்டத்தை நாள் பாடத்திட்டத்தில் பீடிகையாக எழுதலாம்.

திங்கள்: ஊறிய பயறு, ஊறாத பயறு இரண்டையும் கையில் கொடுத்துத் தமிழில் பேச விடுங்கள். ‘இது வளர என்னென்ன வேணும்?’ என்ற கேள்வி போதும். மீதி நேரத்தில் குவளைகளைத் தயார் செய்வது, கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில், செய்துகாட்டிக்கொண்டே. புதன் பார்த்து, வரைந்து, ‘த சீட் நீட்ஸ் ___’ சட்டகத்தில் ஆளுக்கு இரண்டு வாக்கியம். வெள்ளி முதல் பாடவேளை குவளைகளை ஒப்பிடுவது, இரண்டாவது இரு மொழிகளையும் சேர்த்து வைப்பது.

இதைக் கெடுப்பது ஒரே பழக்கம்: ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் பின்னால் உடனே தமிழில் சொல்வது. சீக்கிரமே பிள்ளைகள் ஆங்கிலம் வரும்போது காதை மூடிக்கொண்டு தமிழுக்காகக் காத்திருப்பார்கள். புரியவில்லை என்றால் படம், சைகை, பொருள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு சொல்லை மட்டும் தமிழில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

தௌகே_கடை:
மொழிக்கு மற்றவர்கள் இருக்கிறார்கள், பயறுக்கு நான். வெள்ளிக்குள் காட்டும், ஞாயிறு இரவே ஊறப்போட்டால். 8 முதல் 12 மணி நேரம் போதும். முழுப் பச்சைப்பயறு வாங்குங்கள். உடைத்த பாசிப்பருப்பு முளைக்காது. ஒரு குவளைக்கு ஐந்து பயறு, அதில் ஒன்றிரண்டு சொத்தை போனாலும் பாடம் நிற்காது. பஞ்சு ஒரு விரல்கனம், தண்ணீர் இரண்டு தேக்கரண்டி. அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், தேங்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் செவ்வாய் வேர்முனை எட்டிப் பார்க்கும், புதன் நன்றாக நீண்டிருக்கும், வெள்ளி தண்டு வளைந்து நிமிரும். இலை விரிவது பெரும்பாலும் அடுத்த திங்கள். ஆகவே வெள்ளிப் பாடத்தில் இலையை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

நான்கு குவளை: ஈரமும் வெளிச்சமும், காய்ந்த பஞ்சு, ஈரம் ஆனால் அலமாரி இருட்டு, விளிம்புவரை தண்ணீர். காய்ந்த குவளைக்கு மட்டும் ஊறாத பயறு போடுங்கள். ஊறியதைப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரத்திலேயே வேர் விட்டு உங்களைக் கவிழ்த்துவிடும். மூழ்கிய குவளை உப்பும், சில சமயம் முனைகூட விடும், பிறகு காற்று கிடைக்காமல் அழுகி நாறும். நாற்றம்தான் அந்தக் குவளையின் பாடம், மூடி வைத்து வெள்ளி முகரக் கொடுங்கள்.

பெரிய சிக்கல் இருட்டுக் குவளை. அதுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கும். ‘இருட்டுதான் செடிக்கு நல்லது’ என்று வகுப்பே முடிவு கட்டும். முளைக்க வெளிச்சம் தேவையில்லை, விதைக்குள் இருக்கும் உணவு போதும். வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நீள்கிறது. உயரத்தை மட்டும் அளக்காமல் நிறத்தையும் தண்டின் தடிப்பையும் அட்டவணையில் சேருங்கள். சார் கோய் தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் கிடக்கும் தௌகே (பயற்றுமுளை) ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டால் பாதி வகுப்பு தானே பிடித்துக்கொள்ளும்: அதே பயறு, இருட்டில் வளர்த்தது.

ஏணிப்படி:
செந்தூல்வாசி சொன்ன ‘நீட்ஸ்’ சட்டகம் புதனுக்குச் சரி. வெள்ளிக்கு அதையே வைத்தால் இடிக்கும். தமிழில் ‘விதைக்குத் தண்ணீர் தேவை’. விதை நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, ஒட்டிப் பார்க்க வினைமுற்றே கிடையாது. ஒப்பிடுவதற்கு ‘வளர்’ எடுங்கள்.

மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) நடுவில் மடித்து இரண்டு பத்தி. தமிழ் பச்சை மார்க்கர், ஆங்கிலம் நீலம். எல்லா வாரமும் அதே நிறம். முதலில் வாரத்தில் வந்த சொற்கள் எட்டு, அதற்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல்லைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும், நீங்கள் எழுதித் தொங்கவிட்டால் அது வெறும் சொற்பட்டியல். பிறகு நான்கு வரி: ‘விதை வளர்கிறது’, ‘விதைகள் வளர்கின்றன’, எதிரே ‘த சீட் குரோஸ்’, ‘த சீட்ஸ் குரோ’. வால் எங்கே மாறுகிறது என்று வட்டமிடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒருமைக்குத்தான் வினையில் ‘ஸ்’ ஒட்டும், பன்மைக்குக் கழன்றுவிடும் என்பது அப்போது கண்ணில் படும். ‘சீட் குரோ’ என்று வாலில்லாமல் எழுதுவது இந்த வயதில் எங்கும் பார்க்கிற பிழை. வாரத்துக்கு இந்த ஒரு புள்ளி போதும். ‘த’, ‘எ’ விவகாரத்தை இங்கே இழுக்காதீர்கள்.

ஸ்பானிய வகுப்பில் இந்த இடத்தில் ஒத்த சொற்களைக் கோப்பார்கள்: பிளாண்டா–பிளாண்ட், சியென்சியா–சைன்ஸ். நமக்கு மலாய் அந்த வேலையைச் செய்யும், ‘சைன்ஸ்’, ‘புரோசெஸ்’ போன்றவற்றில். ஆனால் தாவர அலகில் பீஜி (விதை), ஆக்கார் (வேர்), டாவுன் (இலை) எதுவும் ஆங்கிலத்தோடு ஒட்டாது. இந்த வாரம் அந்தப் படியை விட்டுவிடுங்கள். (மா, மே, மி என்று அசைகூட்டி வாசிக்கும் அவர்கள் முறையும் மலாய் வாசிப்புக்குத்தான் பொருந்தும். ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்தால் குழப்பம்.)

பிறை_டீச்சர்:
மிக்க நன்றி. இரண்டு கேள்வி. அவர்கள் ‘டிக்தாதோ’ என்று செய்யும் சொல்வதெழுதலுக்கு எங்கே இடம்? வகுப்பறை மதிப்பீட்டில், தமிழில் சரியாக விளக்கி ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு என்ன தர அடைவு (தேர்ச்சி நிலை) போடுவது?

ஏணிப்படி:
ஆங்கிலப் பாடவேளைக்குள் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள், அறிவியல் நேரத்தைத் தின்னவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்கு இரண்டே வாக்கியம், அந்த வாரக் கருப்பொருளில். சாதாரணச் சொல்வதெழுதலில் சொற்கள் மாறும். இதில் அதே வாக்கியங்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை வரும். எழுதி முடித்ததும் வெண்பலகையைப் பார்த்துப் பிள்ளையே சிவப்புப் பென்சிலால் திருத்தும். அழிப்பான் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லாவிட்டால் திருத்த இடமிருக்காது.

செந்தூல்வாசி:
மதிப்பீட்டுக்கு: அறிவியல் கற்றல் தரம் கேட்பது தாவரத்தின் தேவைகள் தெரிகிறதா என்பதை, இலக்கணத்தை அல்ல. குவளையைக் காட்டி, வரைந்து, தமிழில் காரணம் சொன்னாலும் அது சான்றுதான். உங்கள் பதிவேட்டில் ஒரே பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: கருத்து ஒன்று, ஆங்கிலத்தில் சொன்னது ஒன்று. தர அடைவு முதல் கட்டத்திலிருந்து. இரண்டாவது கட்டம் அடுத்த வாரம் யாருக்குச் சட்டகம் கொடுப்பது, யாருக்கு எடுத்துவிடுவது என்று முடிவு செய்ய. பாடக்குழுத் தலைவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்வையிட வருகிறவர் கேட்டால் பதில் ஒன்றாக இருக்கும்.

தௌகே_கடை:
வெள்ளி மதியம் கிளம்பும் முன் வெளிச்சக் குவளைக்கு இன்னும் இரண்டு தேக்கரண்டி ஊற்றி, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவே வையுங்கள். இல்லையென்றால் திங்கள் காலை பஞ்சு காய்ந்திருக்கும், எறும்பும் குடியேறியிருக்கும். மூழ்கிய குவளையை வெள்ளியே கொட்டிவிடுங்கள்.