இன்சைட்: 'துலக்கம்' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மையில் இன்சைட் (insight) என்கிறார்களே, கண்முன் இருக்கும் தகவல்களில் மறைந்திருக்கும் பொருளைக் கண்டு சொல்வது, அதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். 'நுண்ணறிவு' போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி பிழை இல்லைதான். ஆனால் செயற்கை நுண்ணறிவு என்று எழுதி எழுதி அந்தச் சொல் இன்டெலிஜென்ஸுக்கே போய்விட்டது, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. போன மாதம் ஒரு விற்பனை அறிக்கை மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரே திரையில் மேலே 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று தலைப்பு, கீழே 'இன்சைட்ஸ்' என்று ஒரு பொத்தான். இரண்டுக்கும் நுண்ணறிவு என்றே போட்டுப் பார்த்தேன், எதை அழுத்தினால் என்ன வரும் என்று எனக்கே விளங்கவில்லை.

'உள்ளுணர்வு' வேண்டவே வேண்டாம். அது இன்ட்யூஷன். நீண்ட அனுபவமுள்ள மேலாளர் ஒருவர் "இந்த ஒப்பந்தம் சரிவராது" என்கிறார், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவரை நம்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்சைட் அப்படிப்பட்டதல்ல. கண்டவர் அதை மேசைமேல் எடுத்து வைக்கலாம், மற்றவர்களும் பார்த்து "அட, ஆமாம்" என்பார்கள், தவறென்றால் அங்கேயே மறுக்கலாம். முடிவெடுக்கும் கூட்டத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது, அதனால் நம் சொல்லும் இதைத் தாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'உள்நோக்கு' என்று போட்டால் 'உள்நோக்கம்' பக்கத்திலேயே வந்து நிற்கும். 'வாடிக்கையாளர் உள்நோக்கு' என்று படிக்கிறவர் வாடிக்கையாளர்மேல் ஏதோ பழி சொல்கிறோம் என்றே எண்ணுவார்.

இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியலாளர் செய்ததை எடுத்துக்கொள்வோம். குண்டுவீச்சு விமானங்கள் உடம்பெல்லாம் துளைகளோடு திரும்பி வருகின்றன. கவசத் தகட்டை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது, எடை கூடிவிடும். சரி, துளைகள் அதிகமுள்ள இடத்தில் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டு நினைத்துப் பார்த்தது திரும்பி வராத விமானங்களை. அடி எல்லா இடத்திலும்தான் விழுந்திருக்கும், அப்படியிருக்கத் திரும்பியவற்றின் எஞ்சினில் துளைகள் குறைவு என்றால், எஞ்சினில் அடிபட்டவை விழுந்துவிட்டன என்றுதானே பொருள்! ஆகவே துளை குறைந்த இடத்துக்குத்தான் கவசம் வேண்டும். புதிதாக ஒரு எண்கூட அவருக்குக் கிடைக்கவில்லை, எல்லோர் முன்னாலும் இருந்த அதே எண்கள்தான். ஆனால் அவர் சொன்ன பிறகு முடிவு தலைகீழாகிறது.

வணிகத்திலும் இதே கதைதான். புகார் தந்த வாடிக்கையாளர்களின் பட்டியலை மாதாமாதம் ஆராய்ந்துகொண்டே இருப்போம், புகாரே சொல்லாமல் விலகிப் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். விற்பனை குறைந்தது என்பது தகவல். விலகியவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே உதவி கேட்க முயன்று பாதியில் விட்டவர்கள் என்று ஒருவர் கண்டு சொன்னால், அதுதான் நாம் பெயர் தேடும் பொருள். விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் அன்றே உதவிப் பிரிவுக்குப் போகும்.

இதற்கு என் பரிந்துரை 'துலக்கம்'.

பாத்திரம் துலக்குகிறோம், துப்புத் துலக்குகிறோம். முதலாவதில் பளபளப்பு வெளியிலிருந்து வருவதில்லை, அழுக்கு போனதும் உள்ளே இருந்தது தெரிகிறது. இரண்டாவதில் சிதறிக் கிடந்த தடயங்கள் சேர்ந்து ஒரு பொருள் தருகின்றன. வால்டு செய்தது இரண்டும்தான். வினையும் கைவசம் இருக்கிறது: "அப்போதுதான் எங்களுக்குத் துலங்கியது." வாடிக்கையாளர் துலக்கம், சந்தைத் துலக்கம், தரவுத் துலக்கங்கள் என்று ஒட்டவும் எண்ணவும் முடிகிறது. பொத்தானிலும் அடங்கும்.

உளவியல் பாடங்களில் இன்சைட்டுக்கு 'உட்காட்சி' ஏற்கெனவே இருக்கிறதே என்று குழுவில் அக்கா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. டெனெரீஃப் தீவில் கோலர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த சுல்தான் என்ற சிம்பன்சி, இரண்டு கழிகளை ஒன்றில் ஒன்று செருகிப் பழத்தை எட்டியதே, அந்தக் கணத்துக்கு உட்காட்சி மிகப் பொருத்தம், அதை அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் மேலாண்மையில் இன்சைட் என்பது அந்தக் கணம் மட்டுமல்ல, அறிக்கையில் எழுதி இன்னொருவர் கையில் கொடுக்கும் பொருளும்கூட. "இந்தக் காலாண்டின் மூன்று உட்காட்சிகள்" என்றால் யாரோ கனவு கண்டதுபோல் இருக்கிறது.

எனக்கே உறுத்துவது ஒன்று உண்டு. தூண்டல், துலங்கல் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம், அங்கே துலங்கல் ரெஸ்பான்ஸ். துலக்கம் வேறு, துலங்கல் வேறு என்றாலும் விரைந்து படிக்கும்போது குழம்புமா? பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். குழப்பம் வரும் என்றால் 'தெளிகாட்சி' என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கு இயல்பான வினை அமையவில்லை. வினை இல்லாத கலைச்சொல்லை அலுவலகத்தில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள் என்பதால் இப்போதைக்குத் துலக்கத்தின் பக்கமே நிற்கிறேன்.