டெல்டா கேஷுவாலிட்டிக்கு வேண்டியது மேற்படிப்பா, ஆளா?

வெட்டாறு:
பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடம் ஆகிறது. மூன்று வருடமாக திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருக்கிறேன். மேலே படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் படிப்பது என்பதில்தான் வீட்டிலும் வார்டிலும் ஆளுக்கொரு பேச்சு. ஒன்று, இரண்டு வருட எம்.எஸ்சி., மெடிக்கல் சர்ஜிக்கல் எடுத்து அதில் கிரிட்டிக்கல் கேர், அதாவது தீவிர சிகிச்சை. இன்னொன்று, இந்திய நர்சிங் கவுன்சிலின் நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் படிப்பு, அதுவும் இரண்டு வருடம். மூன்றாவது, எமர்ஜென்சி அண்ட் டிசாஸ்டர் நர்சிங் என்ற ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா. எங்களுக்கு வருவதெல்லாம் பாம்புக்கடி, பூச்சிமருந்து, பைக் விபத்து. இதற்கு எது உதவும்?

அரசலாறு:
கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி, நேராகவே சொல்கிறேன். எதுவும் வேண்டாம். கேஷுவாலிட்டி வேலை நின்று பழகி வருவது. நான் வேலைக்கு வந்த மறு வருடம் 2004. ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். டிசம்பரில் சுனாமி. அந்த வருடம் என்னோடு டூட்டி பார்த்த யாரிடமும் பேரிடர் டிப்ளமா கிடையாது. கைதான் இருந்தது.

இன்றைக்கும் ராத்திரி டூட்டிக்கு இரண்டு சிஸ்டர்தான். ஒரு பாம்புக்கடி வந்தால் விஷமுறிவு மருந்து, அதாவது ஏ.எஸ்.வி., பத்துக் குப்பி கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், ஒவ்வொன்றாக உருட்டி உருட்டித்தான் கரைக்க முடியும். ஒருத்தி அதில் உட்கார்ந்தால் மற்ற எல்லா கட்டிலுக்கும் இன்னொருத்திதான். இருப்பவளையும் படிக்க அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது?

கீழத்தஞ்சை:
நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எம்.எஸ்சி.யில் இருப்பது ஐந்து பிரிவு, அவசர சிகிச்சைக்கு என்று அதில் தனிப்பிரிவு இல்லை. என் வகுப்பில் படித்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல ட்யூட்டராகத்தான் போனோம். வார்டில் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:
அக்கா சொல்வதில் ஆள் பற்றாக்குறை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் "எதுவும் வேண்டாம்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அந்த ஓராண்டு டிப்ளமா முடித்தவன். அதற்கு முன் ஆறு வருடம் கேஷுவாலிட்டியில் இருந்தேன். என் கதையையே சொல்கிறேன்.

பாம்புக்கடிக்கு இருபது நிமிட ரத்தம் உறையும் சோதனை ஆறு வருடமும் என் கையால் செய்திருக்கிறேன். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று ஏ.எஸ்.வி. போடுவோம். கிடைத்த டியூபில் எடுப்போம். சோப்புப் போட்டுக் கழுவி வைத்தது இருக்கும், அவசரத்துக்கு பிளாஸ்டிக்கும் எடுப்போம். கழுவின சோப்பு ஒட்டியிருந்தாலும் சரி, பிளாஸ்டிக் டியூபானாலும் சரி, நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். புதிய, உலர்ந்த கண்ணாடி டியூப்தான் வேண்டும், இருபது நிமிடம் அதை அசைக்கவே கூடாது. ஆறு வருடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தேவையே இல்லாமல் எத்தனை பேருக்கு ஏ.எஸ்.வி. ஏறியிருக்கும் என்று அன்று ராத்திரி தூங்காமல் யோசித்தேன்.

இரண்டாவது கட்டுவிரியன். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் "வயிற்றுவலி" என்று வருவார்கள். ஊசி போட்டு உட்கார வைத்துவிடுவோம். இமை இறங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை எண் எண்ண முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது பாம்புக்கடி என்று படும். இதன் விஷம் நரம்பில் ஒட்டிவிட்டால் ஏ.எஸ்.வி.யால் பிரிக்க முடியாது. பிறகு மூச்சுக் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும், கையால் அமுக்கும் ஆம்பு பேக், அப்புறம் வென்டிலேட்டர்.

பூச்சிமருந்து கேஸும் அப்படித்தான். மாற்று மருந்தான அட்ரோபின் போட்டு, நெஞ்சு தெளிந்து, ஆள் பேசிவிட்டால் வார்டே நிம்மதியாகிவிடும். ஆனால் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கும் ஆபத்து இருக்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். நான் படிப்பதற்கு முன்னால் ஒரு நோயாளி, வயல் வேலை பார்க்கிறவர், மூன்றாம் நாள் இரவு "அசந்து தூங்குகிறார்" என்று நோட்டில் எழுதினேன். அவர் பிழைக்கவில்லை. தலையைத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகம் இன்னும் என் கூட இருக்கிறது.

ஓடம்போக்கி:
நான் நர்ஸ் இல்லை, விவசாயி வீட்டுப் பிள்ளை. விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது, 108 வந்துவிடுகிறது, எல்லாம் சரி. அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தபோது வாசலில் நின்று ஏதாவது ஒரு முகம் "இதற்குப் பிறகு இது நடக்கும்" என்று சொல்லாதா என்றுதான் தவித்தோம். ஒரு சிஸ்டர் சொன்னார். அவர் என்ன படித்திருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அரசலாறு:
குடமுருட்டி தம்பி, மனசு கனத்துவிட்டது. அது உன் தப்பு இல்லைப்பா, உன்னைத் தனியாக நிற்க வைத்தவர்கள் தப்பு.

ஆனாலும் கேட்கிறேன். டியூப் விஷயம், இமை, கழுத்து, இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்க ஒரு வருடம் எதற்கு? மாதம் ஒரு சாயங்காலம் வார்டிலேயே உட்கார வைத்துச் சொன்னால் இருபது பேருக்கும் தெரியும். ஒருத்தியைப் படிக்க அனுப்பினால் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்புறம், படித்துவிட்டு வந்த உன்னை எங்கே போட்டார்கள்? அதையும் சொல்.

குடமுருட்டி:
கண் வார்டில் போட்டார்கள் அக்கா. எட்டு மாதம். வேலையை விட்டு வேறு இடம் போன பிறகுதான் மறுபடி கேஷுவாலிட்டி.

அரசலாறு:
அதைத்தான் நான் சொல்கிறேன். அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான தாய் திட்டம் வந்து, நோயாளியின் நிலைமையைப் பார்த்துப் பிரிக்க சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டிரையேஜ் கோடு போட்டாயிற்று. நல்ல காரியம். அந்தச் சிவப்புக் கோட்டில் நிற்க இன்ன படிப்பு படித்தவர்தான், அவரை வேறு எங்கும் மாற்றக் கூடாது, படிக்கப் போனால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் உண்டு என்று உத்தரவு போடட்டும். அன்றைக்கு நானே இவளைக் கையைப் பிடித்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

குடமுருட்டி:
அந்த உத்தரவைக் கேட்பதற்கும் படித்த நாலு பேர் வேண்டாமா அக்கா? யாருமே படிக்கவில்லை என்றால் யாருக்காக உத்தரவு போடுவார்கள்? சாயங்கால வகுப்பு நல்லதுதான். ஆனால் அதை எடுப்பது யார்? இப்போது என் வார்டில் நான் எடுக்கிறேன். இன்னொன்றும் உண்டு. காரணம் தெரிந்து பேசினால் டூட்டி டாக்டர் காது கொடுக்கிறார். "சார், இமை இறங்குகிறது, பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை" என்றால் உடனே எழுந்து வருகிறார். முன்பெல்லாம் "எப்படியோ இருக்கிறார் சார்" என்பேன். வர மாட்டார்.

வெட்டாறு, நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் ஐந்தில் நான்கு பங்கு வார்டு வேலைதான், அது அதற்குப் பெரிய பலம். ஆனால் பெயரே கிரிட்டிக்கல் கேர், ஐ.சி.யூ. பக்கம் இழுக்கும். உங்கள் மனசு கேஷுவாலிட்டி வாசலில் இருந்தால் டிப்ளமா.

கீழத்தஞ்சை:
சேரும் முன் ஒன்று கேளுங்கள்: அந்த இடத்தில் கேஷுவாலிட்டி நிஜமாகவே ஓடுகிறதா, மாணவர்களைச் சிவப்புப் பகுதியில் விடுவார்களா, அல்லது கூட்டம் குறைவான வார்டில் ஆள் நிரப்ப வைப்பார்களா. சில இடங்களில் பெயருக்குத்தான் அவசரப் பிரிவு.

வெட்டாறு:
அக்கா, அண்ணா இரண்டு பேருக்கும் நன்றி. டிப்ளமாவுக்குத்தான் போடப்போகிறேன். திரும்பி வந்தால் கேஷுவாலிட்டியில்தான் போடுவோம் என்று எங்கள் சூப்பரின்டென்டென்ட் மேடமிடம் எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அரசலாறு:
எழுத்து கையில் வராமல் பணம் கட்டாதே. விண்ணப்பம் போடும் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி போய் கேஷுவாலிட்டி வாசலில் நின்று பார். பத்து மணிக்கு மேல் எத்தனை சிஸ்டர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்து எனக்குச் சொல். நீ இல்லாத ஒரு வருடம் உன் டூட்டிக்கு ஆள் கேட்டு நானும் எழுதுகிறேன், உன் மருத்துவமனையின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பு.